நான் மாற்றி வாசித்த குறிப்புகள்

என் கணவருக்கு ஓர்மை தவறுகிறது, ஞாபகம் போகிறது என்று அவரை நம்பவைத்தவள் நான்.

ஆமாம், நானேதான்! டாக்டர் வயதாக இருக்கலாம் என்கிறார். மகன் பரம்பரை என்கிறான். அக்கம்பக்கத்தில் காலம் என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு, காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு, நான் நிற்கிறேன்... வாயைத் திறக்காமல்.

விஷம் வைக்கவில்லை. மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரை அவருக்கு வாசித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? வரட்டும். முதல் வாரம் எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பேச்சுக்காரி இல்லை. வாசலில் யாராவது வந்து நின்றால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பதில் சொல்லுகிறவள். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் பிறந்து, அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்யாணம் செய்து மலையாள ஊரான கரமனைக்கு வந்தவள். வந்தது முதல் கையில் கிடைத்த பத்திரிகையை எல்லாம் வாசித்திருக்கிறேன். அதனால் நேரில் வராத வார்த்தைகள் எழுதும்போது வருகின்றன. இந்த விஷயத்தை நேரில் சொல்லியிருந்தால் எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

இவர் காலேஜ் படித்தவர். சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் எல்லாம் மலையாளம். பேச்சு, எழுத்து, திட்டு எல்லாமே. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால்தான் தமிழ். வாரத்துக்கு ஒரு முறை பத்திரிகையை மடித்து, கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"நாள் முழுக்க ஊரான் பாஷையில எழுதுகேன். இந்தக் கட்டத்துல மட்டுந்தாண்டி நம்ம பாஷையில எழுதுகேன்" என்பார்.

எங்கள் மகன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தான். தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. மருமகளும் அப்படியே. கழக்கூட்டம் என்கிற ஊரில் அவர்களோடு இருக்கிற பேத்திக்குத் தமிழ் எழுத்தைக் காட்டினால் கோலம் என்கிறாள்! ஆகவே எங்கள் குடும்பத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவரும் நானும். பிறகு அவருக்குக் கண் போயிற்று.

முழுக்கப் போகவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிற்று என்றார்கள். ஆள் தெரியும், கதவு தெரியும், தட்டில் வெள்ளையாய் இருப்பது சோறு என்று தெரியும். அச்செழுத்து மட்டும் தெரியாது.

அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் எதை வாசிக்கிறேனோ, அதுதான் அவருக்குப் பத்திரிகை. என் கையில் எவ்வளவு பெரிய அதிகாரம் வந்துவிட்டது, பாருங்கள்!

இந்தப் புதிரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. இது நேராகக் கேட்கிற புதிர் இல்லை, குசும்பு பிடித்த புதிர். போடுகிறவர் பெயரைப் போடமாட்டார்கள். போட்டால் வீடு தேடி வந்து அடிப்பார்கள் என்று இவர் சொல்லுவார்.

ஒரு குறிப்பு சொல்கிறேன். 'மருமகளை ஆட்டிவைப்பவள், அத்தை எவர்?' என்று இருக்கும். பக்கத்தில் நாலு என்று போட்டிருக்கும். நாலெழுத்து விடை என்று அர்த்தம். அத்தை என்றால் மாமி. எவர் என்றால் யார். இரண்டையும் ஒட்டினால் மாமியார்! மருமகளை ஆட்டிவைப்பவளும் அவள்தானே? இவர் இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது அவருடைய அம்மா அடுத்த அறையில் உயிரோடு இருந்தார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன்.

ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு துண்டு அர்த்தம் சொல்லும். இன்னொரு துண்டு, எழுத்துகளை எப்படிக் கூட்ட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று சொல்லும். 'தலை' என்று வந்தால் முதல் எழுத்து. 'வால்' என்று வந்தால் கடைசி எழுத்து. ஒரு வார்த்தையை எடுத்துவிட்டாலோ மாற்றிவிட்டாலோ கதவு பூட்டிக்கொள்ளும். எத்தனை படித்தவராக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கண் போன பிறகும் அவர் புதிரை விடவில்லை. நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

"ஏட்டி, மலையேறுக பஸ்ஸு கியர் மாத்துகது மாதிரி வாசிக்காத. ஒரே மூச்சா வாசி" என்பார்.

கண்ணை மூடிக்கொள்வார். உதடு அசையும். மத்தியானக் காப்பி ஆறுவதற்குள் பாதிக் கட்டம் நிரம்பிவிடும். எல்லாம் அவர் தலைக்குள்ளேயே! எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று அவர் சொல்ல, நான் பென்சிலால் எழுதுவேன். அப்படிப்பட்ட தலை அது... அந்தத் தலையில்தான் நான் கை வைத்தேன்.

போனில் ஒரு புதிர்க் கூட்டம் வைத்திருந்தார்கள். நாகர்கோவில், தென்காசி, சென்னை, துபாயில் ஒருவர் என்று எல்லோரும் ஓய்வு பெற்ற ஆண்கள். சனிக்கிழமைவரை யாரும் விடையை வெளியே சொல்லக்கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் இவர் ஒவ்வொரு குறிப்பையும் விளக்கிப் பேசி அனுப்புவார். மற்றவர்கள் எழுதி அனுப்புவார்கள், இவர் மட்டும் பேசுவார். அதற்காகவே பலர் காத்திருப்பார்கள். வடசேரியில் இருக்கிற நீலகண்டன் என்கிற ஓய்வு பெற்ற வாத்தியார், 'சூப்பிரண்டு அண்ணாச்சி குரல் கேட்டாத்தான் எனக்கு வாரம் முடிஞ்ச மாதிரி' என்று எழுதுவார்.

பேசும்போது போனில் அந்த மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவருக்கு அந்த இடம் தெரியாது. ஆகவே நான் பக்கத்தில் நின்று கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்திருப்பேன்.

அப்படி நான் விரல் பிடித்து நின்ற ஒரு சனிக்கிழமையில்தான் எல்லாம் தொடங்கியது.

அந்த வாரம் ஒரு குறிப்பு அவருக்குக் கிட்டவில்லை. 'தலையெழுத்தின் கடைசி போனால் வீட்டை ஆள்பவள்', மூன்றெழுத்து. திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். நான் வாசித்துவிட்டு அவியலுக்கு முருங்கைக்காய் நறுக்கப் போனேன். நறுக்கிக்கொண்டிருக்கும்போது, யாரோ காதுக்குள் சொன்னது போல... தலையெழுத்து என்றால் தலைவிதி. அதில் கடைசி எழுத்து 'தி' போனால் தலைவி!

என் வாழ்க்கையில் முதல்முறை. கத்தியை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன்.

"தலைவின்னு வருமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் விரல் விட்டு எழுத்தை எண்ணிப் பார்த்தார். பிறகு, "ம்... எனக்கும் நாக்கு நுனியில அதுதான் நின்னுது. எழுது" என்றார்.

எழுதினேன். அந்த மூன்று எழுத்தை மட்டும் பென்சிலை அழுத்தி, பெரிதாக எழுதினேன். சந்தோஷத்தில்தான். உங்களுக்கு அது அற்பமாகத் தோன்றலாம்...

சனிக்கிழமை வந்தது. நான் விரலால் அமுக்கினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம் மக்கா. அடுத்தது நம்ம தலையெழுத்து. தலைவிதியில 'தி' போச்சுன்னா தலைவி. எப்படி? ஆனா ஒண்ணு கேட்டியளா, எங்க வீட்டுல அந்த 'தி' போகவே இல்ல. எனக்கு விதி முழுசாட்டுக் கெடச்சிருக்கு! அஞ்சாங்கிளாஸ் பாஸான முழு விதி!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என் விரல் அங்கேதான் இருந்தது. விரலை எடுத்திருந்தால் பேச்சு அந்த இடத்திலேயே அறுந்திருக்கும். நான் எடுக்கவில்லை. முடிகிறவரை அமுக்கிப் பிடித்திருந்து, முடிந்ததும் நானே அனுப்பினேன்.

சிரிக்கிற முகங்களாக வந்து விழுந்தன. "அண்ணாச்சி, இன்னைக்குச் சோறு கெடைக்குமா?" என்று துபாய்க்காரர் எழுதியிருந்தார். இவர் எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரே மூச்சாகத்தான் வாசித்தேன்.

கேலி எனக்குப் புதிதில்லை. அஞ்சாங்கிளாஸ் என்று அவர் சொல்லாத வாரம் உண்டா? அதோடு, அவர் கெட்ட மனுஷர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் தானே கஞ்சி வைத்து, கட்டிலில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறவர். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என் பக்கம் நியாயம் இருப்பதாக உங்களுக்குத் தோன்றிவிடும்.

ஆனால் அந்த விடை என்னுடையது! வாழ்நாளில் நான் கண்டுபிடித்த ஒரே ஒரு சாமான். அதை வாங்கி, அதாலேயே என்னை அடித்தார். அடிக்கிற கையை நான் பிடித்துக் கொடுத்தேன்.

அடுத்த பத்திரிகையைக் கிழக்கே கோட்டைக் கடையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போதே பிரித்துப் பார்த்தேன். 'பக்கத்து வீட்டில் விருந்தாளி தலை காட்டினால் எல்லாக் காயும் ஒன்றாகும்', நாலெழுத்து. பக்கத்து வீடு என்றால் அயல். விருந்தாளியின் தலை 'வி'. அயலுக்குள் 'வி' நுழைந்தால் அவியல்! கரமனை நிறுத்தம் வருவதற்குள் எனக்குக் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். "பக்கத்து வீட்டில் விருந்தாளி வந்தால் எல்லாக் காயும் ஒன்றாகும்."

தலை காட்டினால் என்பதை 'வந்தால்' என்று வாசித்தேன். தானாக வாயில் வந்துவிட்டது என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய். தெரிந்தேதான் செய்தேன். இரண்டும் ஒரே அர்த்தந்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் செய்தேன்! 'தலை' போய்விட்டால் வழியே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"வந்தால்னா போட்டிருக்கு? நல்லா பாரு."

"வந்தால்னுதான் போட்டிருக்கு."

அந்தச் சனிக்கிழமை அவர், "ஒண்ணு மட்டும் எனக்குக் கிட்டல்ல மக்கா, யாராவது சொல்லுங்கோ" என்று பேசினார். நீலகண்டன் விடையை எழுதி அனுப்பியிருந்தார். அதை வாசிக்க வேண்டியவளும் நான்தான்.

"அவியலாம். அயலுக்குள்ள 'வி'யாம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெப்படி? விருந்தாளியில முதல் எழுத்த மட்டும் எடுக்கணும்னா 'தலை'ன்னு ஒரு வார்த்தை இருந்தாகணுமே. இல்லாம எப்படிப் போடுவான்? அநியாயமால்லா இருக்கு!"

அப்போது ஒரு வார்த்தை போதும். 'தப்பாக வாசித்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், பஸ் கியர் என்றிருப்பார், தீர்ந்திருக்கும்.

நான் சொன்னேன்: "தலை காட்டினால்னுதானே போட்டிருக்கு. அப்படித்தானே நான் வாசிச்சேன்."

"நீ வந்தால்னுல்லா வாசிச்ச?"

"இல்ல. தலை காட்டினால்னுதான் வாசிச்சேன். நீங்கதான் மாறிக் கேட்டிருப்பீங்க."

குறிப்பை மாற்றியது சின்னக் குறும்பு. இது குறும்பு இல்லை! இதுதான் என் பாவம். இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது...

அவர் முகத்தை நான் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏதோ ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவரைப் போல, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் திருப்பிக் கேட்டேனே... நீயும் வந்தால்னு சொன்னியே..." என்று மெல்லச் சொன்னார். பிறகு, "செரி. சாரமில்ல, போட்டும்" என்றார்.

இவருடைய அண்ணன் கதை உங்களுக்குத் தெரியாதல்லவா? பெரிய கணக்கர். கடைசிக் காலத்தில் ஓர்மை போயிற்று. ஒரு நாள் வேட்டியோடு தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, செத்துப்போன அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும், எந்த பஸ் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். போய் அழைத்து வந்தவர் இவர். அழைத்து வந்து, கால் கழுவிவிட்டு, இதே முன்னறையில் உட்கார்ந்து, "கண்ணு போகட்டும், காலு போகட்டும். இது மட்டும் எனக்கு வரப்பிடாது" என்று என்னிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அதாவது, எங்கே குத்தினால் எங்கே வலிக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

ஒரு முறையோடு நிறுத்தினேனா? இல்லை. வாரத்துக்கு ஒரு குறிப்பு, சில வாரம் இரண்டு. வாலை விட்டுவிடுவேன். நாலெழுத்தை அஞ்செழுத்து என்பேன். பிறகு அவர் கேட்டால், சரியாகத்தான் வாசித்தேன் என்பேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள்... கேளுங்கள், கேட்க வேண்டியதுதான்! அந்த ஒரு நிமிஷம், அவர் வழி தெரியாமல் நிற்க, நான் வழி தெரிந்து நிற்பேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது. என்ன பிறவி நான்!

முதலில் சனிக்கிழமைப் பேச்சு நின்றது. தொண்டை சரியில்லை என்றார். பிறகு ஆற்றங்கரைக் கோயிலுக்குக் கோலை ஊன்றித் தனியே போய்வருவது நின்றது.

"வழி மறந்துட்டா?" என்றார்.

கண் மங்கிய பிறகும் கால் பழக்கத்தில் போய்வந்த வழி அது!

மகன் வந்தபோது என்னை அடுக்களைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். "அம்மா, அப்பாவுக்கு ஓர்மைக் குறவு உண்டோ? பெரியப்பா மாதிரி? எனக்கொரு சம்சயம்" என்றான். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். நான் பேசாமல் இருப்பது யாருக்கும் புதிதில்லை. வெட்கப்படுகிறவளுக்கு அது ஒரு வசதி, தெரியுமா? அவள் மௌனத்தை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயசு டாக்டர், மரியாதையான பிள்ளை. என்ன கிழமை, என்ன மாசம் என்று கேட்டான். இவர் சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னான். இவர் இரண்டைச் சொன்னார். மூன்றாவதுக்கு... என் பக்கம் முகத்தைத் திருப்பினார். எனக்குத் தெரியும், அந்தச் சொல் அவருக்கு நினைவிருந்தது! உதடு குவிந்துவிட்டது. ஆனால் அதுதானா என்று என்னிடம் கேட்காமல் அவரால் சொல்ல முடியவில்லை.

"இப்போது உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, கவனித்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னான். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அறையில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்தேன். இனி ஒரு எழுத்தும் பிசகாமல் வாசிப்பேன். இருக்கிறதிலேயே சுலபமான குறிப்பாகப் பார்த்து எடுத்துக்கொடுப்பேன். அவர் கண்டுபிடிப்பார். நம்பிக்கை திரும்பிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். இப்படி நினைத்தேன். களவு செய்தவள் பொருளைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைப்பது போல.

அந்த வாரம் நல்ல குறிப்பு ஒன்று இருந்தது. 'அன்புக்குள்ளே யமன் தலை நீட்டினால் இனிக்கும்', நாலெழுத்து. அன்பு என்றால் பாசம். யமனின் தலை 'ய'. பாசத்துக்குள் 'ய' வந்தால் பாயசம். பழைய ஆளாக இருந்தால் நான் வாசித்து முடிக்கும் முன்பே சொல்லியிருப்பார்.

"வேண்டாம்டி" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு. கேளுங்க." ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி வாசித்தேன்.

கண்ணை மூடவில்லை. உதடும் அசையவில்லை. பிறகு கேட்டார்:

"தலைன்னா... என்னடி?"

பத்திரிகையைக் கீழே வைத்தேன்.

"தலைன்னா முதல் எழுத்து. நீங்கதானே எனக்கு..."

"யமனுக்கா தலை?" என்றார். குழந்தை கேட்கிற மாதிரி.

நான் என்னவென்று நினைப்பது? பயத்தில் மூளை பூட்டிக்கொண்டதா? இல்லை, அண்ணனுக்கு வந்தது உண்மையிலேயே இவருக்கும் வந்துவிட்டதா? வருவதாக இருந்தது வந்திருக்கிறதா, அல்லது நான் கூப்பிட்டதால் வந்ததா? யாரிடம் கேட்பேன்? டாக்டராலும் சொல்ல முடியாது. உங்களால் முடியுமா?

அந்தத் தவிப்பில் இன்னொன்று செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். சனிக்கிழமை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் போனில், ஒற்றை விரலால், அவர் பேசுவது போலவே எழுதி அனுப்பினேன். 'வணக்கம் மக்கா. அன்பு என்றால் பாசம். உள்ளே யமனின் ய. பாயசம் ரெடி. இலையைப் போடுங்கோ.' அவருடைய மதிப்பாவது கூட்டத்தில் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நீலகண்டன் போன் செய்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி! திரும்பி வந்தாச்சுல்லா! பாயசத்தைப் பிரமாதமா வெளக்கிட்டேளே! மைனி கேக்குகாளா? மைனி, அண்ணாச்சிக்கு இன்னைக்குப் பாயசம் வச்சுக் குடுங்கோ!"

"நானா? எப்போ?" என்றார் இவர்.

"மத்தியானம் எழுதினேளே! வெளையாடாதேங்கோ."

போன் வைத்த பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேனா?"

இல்லை என்றால், யார் எழுதியது என்று கேட்பார். எல்லாம் அவிழும். நான் பயந்தேன். "ஆமா. நீங்க சொன்னீங்க. நான் எழுதினேன்" என்றேன்.

"பாயசத்தைச் சொல்லிட்டு மறந்தும் போயிட்டேன், பாத்தியா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கன்னத்தைத் துண்டால் துடைத்தார். திருப்பிக் கொடுக்கப் போனவள், மிச்சம் இருந்ததையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்!

அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு நாள் காலையில், குளித்துவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலைவியில் தொடங்கி, அவியல், வால், எழுத்தெண்ணிக்கை, போனில் எழுதியது வரை. இவ்வளவு வார்த்தைகளை ஒரே வேளையில் நான் அவரிடம் பேசியதே இல்லை. "நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நான்தான் மாத்தி வாசிச்சேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, அடிக்கட்டும் என்று குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

என் தலையில் கை வைத்தார். தடவினார்.

"ஏட்டி... உனக்குப் பொய் சொல்ல வராது கேட்டியா. என்னைத் தேத்துகதுக்கு இப்படி ஒரு பழிய உன்மேல போட்டுக்கிடுகியே. பாவம்டி நீ."

"பொய் இல்ல! சத்தியமாட்டு!"

"செரி, செரி. நீ சொன்னா செரி" என்றார். நம்பாதவர்கள் சொல்லுகிற 'செரி' அது.

பழைய பத்திரிகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இதோ பாருங்கள், 'தலை காட்டினால்' என்றுதான் இருக்கிறது என்று காட்ட. யாருக்குக் காட்ட? நான் வாசித்தால்தானே அவருக்குத் தெரியும்! என் வாசிப்பு பொய் என்பதற்குச் சாட்சியும் என் வாசிப்புதான். மகனுக்கு எழுத்து தெரியாது. நீலகண்டனிடம் சொல்லி, அவரை விட்டுச் சொல்லச் சொல்லலாம். சொல்லவில்லை. அண்ணியாக நினைத்து மைனி என்று கூப்பிடுகிறவரிடம் எப்படிச் சொல்ல, வெட்கமாக இருக்கிறதே என்று இன்றுவரை தள்ளிக்கொண்டிருக்கிறேன். வெட்கம் என்பது நான் வைத்த பெயர். உள்ளே இருப்பது பயம். அவர் நம்பிவிட்டால்? அப்போது அவருக்கு என்ன மிஞ்சும்? புத்தியை நம்ப முடியாதவருக்கு நான் ஒருத்தி இருக்கிறேன். என்னையும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டால், அவர் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

இதுவும் நான் தப்பிக்கச் சொல்லுகிற காரணமா? இருக்கலாம்... எனக்கே தெரியவில்லை.

அதனால்தான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் எனக்குத் தேறுதல் சொல்ல வேண்டாம். நம்பினால் போதும். அவர் நம்பவில்லை.

இப்போது எல்லாவற்றையும் என்னிடம் கேட்கிறார். குளித்தேனா, மாத்திரை போட்டேனா, மகன் வந்து போனது நேற்றா, முந்தாநாளா... அநேகமாக அவருக்கே சரியான பதில் தெரிந்திருக்கிறது. சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார். இன்று காலையில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து மழை பெஞ்சுது இல்லியா?" என்றார்.

பெய்தது. நல்ல மழை. முற்றத்தில் தண்ணீர் கட்டி நின்றது. அவர் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சும்மா, கையில் வேலை இருந்தது. அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"இல்லியோ? பெய்யல்லியா? எனக்கு அப்படித் தோணிச்சு..."

"பெஞ்சுது. பெஞ்சுதுங்க. நல்ல மழை" என்றேன்.

"ஆ... செரி" என்று நிம்மதியாகத் தலையை ஆட்டினார்.

பெய்யவில்லை என்று நான் சொல்லியிருந்தாலும், அப்படித்தான் ஆட்டியிருப்பார்.